மேலே விட்ட எட்டு வரி

லியூ ஒரு கிலோ உப்பு வாங்கப் போனால், கடைக்காரரின் முழங்கால் வலி, அவர் மகளின் பிரசவம், நேற்றுப் பெய்த மழை எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் உப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வரும். சில நாள் அதுவும் வராது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, அடுப்பில் மீன் கொதிக்கும்போதுதான் தலையில் அடித்துக்கொள்வாள்.

நாட்டின் தென்கோடியில், எங்கள் கா மாவ் பக்கத்தில் இது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தேநீர். பிறகு இறால் குட்டை எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள், கால்வாய்த் தண்ணீர் எவ்வளவு கரிக்கிறது என்று பேச்சு போகும். எல்லாம் முடிந்து, கிளம்பும்போது படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "அப்புறம் ஒரு சின்ன விஷயம்" என்று வந்த காரியத்தைச் சொல்வதுதான் மரியாதை. வாசலில் கால் வைத்ததும் காரியத்தைப் போட்டு உடைப்பவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்போம். அப்படிப்பட்ட எங்களுக்கே பொறுமை போய்விடும் அளவுக்கு நீட்டக்கூடியவள் லியூ ஒருத்திதான்.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் பாலர் பள்ளியில் அவள் ஆயா. சின்னஞ்சிறுசுகளுக்குக் கஞ்சி ஊட்டுவது, கழுவிவிடுவது, மதியம் பாயில் வரிசையாகப் படுக்கவைத்து முதுகில் தட்டித் தூங்கவைப்பது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. யாருக்கும் அடங்காத பிள்ளை கூட அவள் மடியில் ஏறியதும் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொள்ளும். மாலையில் பெற்றோர் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் கேட்டில் நின்றபடியே பிள்ளையை வாங்கிக்கொள்ளும் நேரத்தில்தான் வம்பு.

ஒருநாள் ஒரு பையனின் கையை இன்னொரு பையன் கடித்துவிட்டான். கடிபட்டவனின் தாய் வந்ததும் லியூ ஆரம்பித்தாள்.

"வாம்மா. இன்னிக்கு வெயில் என்ன இப்படிக் கொளுத்துது. ஃபேன் போட்டும் புழுக்கம் தாங்கல. காலைல உன் புள்ள நல்லாத்தான் வந்தான் பாரு, சிரிச்சிக்கிட்டே வந்தான். கஞ்சி கூட ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அப்புறம் மத்தியானம் இருக்கே..."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, என் புள்ள உசுரோட இருக்கானா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க."

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். கையில லேசா ஒரு பல்லுத் தடம். அவ்வளவுதான்."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"எடுத்த எடுப்புல அப்படிச் சொன்னா நீ பயந்துடுவேல்ல, அதான்."

இப்படிப்பட்டவளுக்கு நாற்பது வயதில் ஒரு பரீட்சை வந்து வாய்த்தது. ஆயாக்கள் எல்லோரும் குழந்தை வளர்ப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், பயிற்சிக்குப் போக பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். லியூ பதினொன்றோடு நின்றவள். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "உங்கள அனுப்பிட்டு நான் யாரை வச்சு சமாளிக்கிறது? எப்படியாவது எழுதிப் பாஸ் பண்ணுங்க. கொஞ்ச நாளைக்கு நான் தாக்குப் பிடிக்கிறேன். இல்லன்னா சமையலறைதான், வேற வழியில்ல" என்றாள். பாத்திரத்தோடு இருப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் அழ, இந்தப் பக்கம் தான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பதை லியூவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளுடைய ஒரே மகன் சைகோனுக்கு வேலைக்குப் போன பிறகு, அந்தப் பாய்வரிசைதான் அவளுக்கு வீடு.

அவள் ஏன் பதினொன்றோடு நின்றாள் என்பதற்கும் அவள் வாய்தான் காரணம் என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவள் அப்பா தோயின் குட்டையில் இறால் எல்லாம் நோய் வந்து மிதந்தது. மகளை மீன் ஆலைக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்தார். லியூவுக்கோ இன்னும் ஒரே வருடம் படித்து முடித்துவிட வேண்டும் என்று ஆசை. அதைக் கேட்கத்தான் ஒரு மாலை, வாசலில் கட்டியிருந்த வலைத்தூளியில் படுத்திருந்த அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, தண்ணி ஏறுதா வத்துதா?"

"வத்துது."

"பெரியப்பாவுக்குக் கால் தேவலையாமா?"

"ம்."

"இந்த நாய் ஏன் இன்னிக்குச் சாப்பிடவே இல்ல?"

அப்பா கண்ணை மூடிவிட்டார். மறுநாளும் போனாள். தண்ணீர், பெரியப்பா, நாய். அதற்கு மறுநாளும். வாயில் வரவேண்டியது வருவதற்குள் அவர் தூங்கிவிடுவார். அந்த வாரமே ஆலை பஸ்ஸில் ஏறினாள், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனிக்கட்டிக்கு நடுவே இறால் தலையைக் கிள்ள ஆரம்பித்தாள்.

பல வருடம் கழித்து, அவள் தம்பியின் கல்யாணத்தில் அரிசிச் சாராயம் உள்ளே போன வேகத்தில் தோய் மகளைப் பார்த்துச் சொன்னார்: "படிக்கணும்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. சொல்லியிருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்." லியூ சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய், வெங்காயம் உரிக்கிற பெண்களோடு உட்கார்ந்து அழுதாள். வெங்காயம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தை முள்ளாக அவளுக்குள் தங்கிவிட்டது. அதனால் தலைமையாசிரியை பரீட்சை என்றதும் அவள் அழவும் இல்லை, புலம்பவும் இல்லை. "எழுதறேன்" என்றாள். அவள் வாழ்நாளில் முன்பின் எதுவும் சேர்க்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்திய மையம் படகுத்துறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இலக்கியம் எடுத்தவள் வீ டீச்சர். லியூவின் மகனை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவள் லியூவை "அக்கா" என்பாள், லியூ அவளை "டீச்சர்" என்பாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் "நீங்க" என்று சொல்லிக்கொண்டே சண்டை போடுவார்கள்.

சண்டை எல்லாம் ஒரே விஷயத்தில்தான். கட்டுரையின் உடல் லியூவுக்கு நன்றாகவே வந்தது. காரணம் சொல்வாள், உதாரணம் சொல்வாள், மறுப்பும் சொல்வாள். முன்னுரைதான் தகராறு. முதல் வருடம் பரீட்சையில் கேள்வி உழைப்பைப் பற்றி வந்தது. லியூ மனிதன் குகையில் வாழ்ந்த காலத்திலிருந்து ஆரம்பித்தாள். குகையிலிருந்து காட்டுக்கு வந்து, காட்டிலிருந்து வயலுக்கு வந்து, முன்னோர்கள் சதுப்பு நிலத்தைத் திருத்திய கதை சொல்லி, உழைப்பு என்ற சொல்லை முதல்முறையாக எழுதியபோது ஒன்றரைப் பக்கம் ஓடியிருந்தது. மணியடித்தபோது அவள் கட்டுரையின் இரண்டாவது பத்தியில் இருந்தாள்.

எழுதியதை அப்படியே ஒப்பித்துக் காட்டியபோது வீ டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க வீட்டுக்கு வர்ற வழிய மட்டும் எழுதிட்டு வந்திருக்கீங்க. வீட்டக் காணோமே."

"வழி சொல்லாம எப்படி டீச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

"வழி மூணு வாக்கியம். அதுக்கு மேல போனா விருந்தாளி திரும்பிப் போயிடுவான்."

இரண்டாம் வருடம் லியூ வேறு வழி பார்த்தாள். மையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், எந்தக் கேள்வி வந்தாலும் பொருந்தும் முன்னுரை என்று பொடி எழுத்தில் ஒரு தாள் விற்பார்கள். வகுப்பில் பாதிப் பேர் சட்டைப்பையில் அதுதான். வீ டீச்சருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் லியூவும் ஒன்று வாங்கினாள். கண்ணால் படித்தால் அவளுக்கு மனதில் நிற்காது. அதனால் தன் குரலிலேயே கைப்பேசியில் படித்துப் பதிவு செய்துகொண்டு, கஞ்சி கிண்டும்போதும் துணி காயப்போடும்போதும் கேட்டாள். "இலக்கியம் என்பது வாழ்க்கைக் கடலில் மூழ்கி எடுத்த முத்து. அப்படி முத்தெடுத்தவர்களில் ஒருவர் மூன்று புள்ளி. அவருடைய மூன்று புள்ளி என்னும் படைப்பு நம் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றது." பெயர் எழுத வேண்டிய இடத்தில் தாளில் மூன்று புள்ளி வைத்திருந்தார்கள், அதையும் விடாமல் படித்துவிட்டிருந்தாள். இரண்டு மாதத்தில் பாலர் பள்ளிக் குழந்தைகள் கூட "மூன்று புள்ளி" என்று மழலையில் சொல்லிக்கொண்டு திரிந்தன.

பரீட்சையில் ஒரு கவிதையைப் பற்றிக் கேள்வி வந்தது, கை தானாக ஓடியது. லியூவுக்கே பெருமை. முன்னுரையை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, மற்றதையும் நேரத்துக்குள் எழுதினாள். திரும்பி வரும்போது படகில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் எழுதினோமா என்று சரிபார்க்கக் கைப்பேசியைக் காதில் வைத்தாள். அவள் குரலே அவளுக்குச் சொன்னது: முத்தெடுத்தவர்களில் ஒருவர் மூன்று புள்ளி. கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள். கவிஞரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், கவிதையின் பெயர் எழுத வேண்டிய இடத்தில், அச்சுப் பிசகாமல் மூன்று மூன்று புள்ளி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வேறு யாராவது இருந்தால் இதை வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். லியூ மறுநாளே படகுத்துறைக் காப்பிக் கடையில், வழக்கம்போல மழையிலிருந்து ஆரம்பித்து, முழுக் கதையையும் தானே சொல்லி முடித்தாள். கடைக்காரரை ஊரில் எல்லோரும் ஆறாம் அண்ணன் என்போம். வீட்டுக்கு ஆறாவது பிள்ளை, வாய்க்கு மட்டும் முதல் பிள்ளை. அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே அதுதான்.

"என்ன மூணு புள்ளி, காப்பிக்குச் சர்க்கரை போடவா, இல்ல அந்த எடத்தையும் காலியா விட்டுடவா?"

"போடுங்கண்ணே, நல்லாவே போடுங்க. அடுத்த வருஷம் பாஸ் பண்ணிட்டு வந்து இந்தப் பேர உங்க கிட்டயே திருப்பிக் குடுக்கறேன். பத்திரமா வச்சுக்கோங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போய் அந்த ஜெராக்ஸ் தாளை அடுப்பில் போட்டாள், கைப்பேசிப் பதிவையும் அழித்தாள். முடிவு வந்தபோது இலக்கியம்தான் காலை வாரியிருந்தது. தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே வருஷம்தான் அக்கா. அதுக்கு மேல என்னால முடியாது" என்றாள்.

மூன்றாம் வருடம் லியூ பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு, குழந்தைகள் தூங்கும் மதிய நேரத்தில் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகினாள். வீ டீச்சர் சொன்னபடி நேராக விஷயத்துக்கு வரப் பார்த்தாள். வரவில்லை. பேனாவை வைத்தால் குகை. இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், குழந்தைகள் எழுந்துவிடும். ஒரு நாள் வகுப்பில் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டாள்.

"டீச்சர், உள்ள என்ன எழுதப் போறேன்னு எனக்கே இன்னும் தெரியல. அப்படி இருக்க, என்ன எழுதப் போறேன்னு மேல எப்படி எழுதுறது?"

"அதுக்குத்தான் முதல்லயே யோசிச்சு ஒரு திட்டம் போடணும்."

"போடறேன். எழுத எழுத அது மாறிடுதே."

வீ டீச்சர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் மாறும் போலிருக்கிறது.

லியூவின் புருஷன் சாங்குக்குக் கல்யாணப் பந்தல் தொழில். பந்தலுக்கான இரும்புக் கம்பியும் துணியும் வாடகைக்கு வேறு ஆள் கொண்டுவருவான். வாசலில் தென்னங்குருத்தால் வளைவு கட்டி, இரண்டு பக்கமும் பாக்குக் குலையும் கள்ளிப் பழமும் தொங்கவிட்டு, நாகமும் பறவையும் பின்னி நிறுத்துவது சாங்கின் வேலை. அந்தப் பங்குனியில் ஒருநாள் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

"பொண்ணோட அப்பன் ஒத்தக்கால்ல நின்னான். வாசல மொதல்ல வை, சொந்தக்காரங்க வர்றாங்க, பாக்க லட்சணமா இருக்கட்டும்னான். வச்சேன். மறுநாள் பந்தல்காரன் படகுல வந்தான். அவன் சொன்னது ஒரு அளவு, கொண்டாந்தது ஒரு அளவு. மரம் இடிக்குதுன்னு பந்தலையே திருப்பிப் போட்டுட்டான். இப்ப என் வாசல் எங்க பாத்து நிக்குது தெரியுமா? பக்கத்து வீட்டுப் பன்னிக் கொட்டாய்க்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் போட்டோவுக்கு நின்னா பின்னால ரெண்டு பன்னி எட்டிப் பாக்குது."

லியூ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப எப்பவும் வாசல எப்ப வைப்பீங்க?"

"கடைசிலதான். இது என்ன கேள்வி? பந்தல் எங்க முடியுதுன்னு தெரிஞ்சாத்தான வாசல் எங்கன்னு தெரியும்."

"ஆனா வர்றவங்க மொதல்ல பாக்குறது வாசலைத்தான?"

"அவன் மொதல்ல பாக்குறான்னு நான் மொதல்ல கட்ட முடியுமா? பசி உசுரு போகுது, சோத்தப் போடு."

சோறு போட அவள் எழுந்திருக்கவே இல்லை. சாங் தானே போய்ப் பானையைத் திறந்துகொண்டான்.

மறுநாள் மாலை அவள் வகுப்புக்கு முன்னதாகவே போய் வீ டீச்சரைப் பிடித்தாள். மழையைப் பற்றியோ படகைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. தாளின் மேல்பகுதியைக் காலியாக விட்டுவிட்டு, கட்டுரையின் உடலை முதலில் எழுதி, கடைசியில் மேலே வந்து முன்னுரையை எழுதினால் என்ன என்று கேட்டாள். டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேணாம் அக்கா. நேரம் பத்தாமப் போச்சுன்னா? மேல மொட்டையா இருக்கற பேப்பரைப் பாத்தா திருத்தறவங்க என்ன நினைப்பாங்க? முன்னுரை மார்க்கும் போகும், முதல் பார்வையும் போகும்."

"போன வருஷம் ரெண்டு எடம் காலியா விட்டேன் டீச்சர். இந்த வருஷம் ஒரே எடம்தான்."

டீச்சர் சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. சரி, பழகிப் பார்க்கலாம் என்றாள். எத்தனை வரி விடுவது என்பதில் மறுபடி சண்டை. பன்னிரண்டு வரி விட்டால் லியூ குகைக்குப் போய்விட்டாள். ஐந்து வரி விட்டால் மூச்சு முட்டியது. எட்டு வரியில் வந்து நின்றது. எட்டு வரிக்குள் தண்ணீரும் பெரியப்பாவும் நாயும் நுழைய இடம் இல்லை. விஷயம் மட்டும்தான் நுழையும். தவிர, உடலை எழுதி முடித்தபின் மேலே வரும்போது, என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தையைப் பிடிக்கக் குகை வரை போக வேண்டியதில்லை, இரண்டு பக்கம் கீழே பார்த்தால் போதும். டீச்சர் ஒரே ஒரு கட்டளை போட்டாள்: கடைசிக் கால் மணி நேரம் மேலே உள்ள எட்டு வரிக்கு மட்டும்தான், கீழே என்ன பாக்கி இருந்தாலும் விட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். அதை லியூ பரீட்சை வரை தினமும் பழகினாள். பாயில் புரண்டு படுக்கும் பிள்ளைகளை இடது கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டே வலது கையால் எழுதினாள்.

பரீட்சை அன்று காலை மழை கொட்டியது. படகில் பாதி பேர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு பெண் அவளைப் பார்த்து, "பேரனை விட வந்தீங்களா பாட்டி?" என்று கேட்டுவிட்டு, அவள் கையில் இருந்த அனுமதிச்சீட்டைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லியூ சிரித்தாளே தவிர பதில் சொல்லவில்லை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அந்தக் குழந்தைக்குப் பரீட்சை.

கேள்வி, பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதைப் பற்றி வந்தது. லியூ மேலிருந்து எட்டு வரியை விரலால் எண்ணி, ஒன்பதாவது வரியில் பேனாவை வைத்தாள். கேட்பது என்றால் என்ன, ஏன் வேண்டும், கேட்காததால் வீட்டிலும் வேலையிலும் வரும் கேடு என்ன என்று டீச்சர் கற்றுக்கொடுத்த வரிசையில்தான் போனாள். நடுவில், பேச்சு வராத குழந்தையின் அழுகையில் பசி வேறு, வலி வேறு, வெறும் பயம் வேறு என்று பிரித்தறியும் தாயைப் பற்றி எழுத வந்தபோது கட்டுரை அவள் திட்டத்தை விட்டுக் கொஞ்சம் திரும்பியது. திரும்பட்டும் என்று விட்டாள். பேச முடிந்தவர்கள் கூட முக்கியமானதைப் பேசுவதில்லை என்று எழுதினாள். அது எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை, நேரம் இல்லை.

மேற்பார்வையாளர் ஒருவர் அவள் மேசைப் பக்கத்தில் நின்றார். மேலே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பேசக் கூடாது, அதனால் பேசவில்லை. ஆனால் அவர் முகத்தில் தெரிந்த பரிதாபம் லியூவுக்குச் சுருக்கென்று தைத்தது. குனிந்து எழுதினாள்.

கால் மணி நேரம்தான் இருக்கிறது என்று அறிவித்தபோது அவள் கடைசிப் பத்தியின் நடுவில் இருந்தாள். இன்னும் நல்ல நல்ல விஷயங்கள் மனதில் வரிசை கட்டி நின்றன. ஒரு நிமிடம்தான், இதை மட்டும் சொல்லிவிடலாமே என்று கை கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மட்டும் முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, மேலே வந்தாள். பயத்தில் பழக்கம் முந்திக்கொண்டு "ஆதிகாலம்" என்று எழுதிவிட்டது. அதன் மேல் நேராக ஒரு கோடு போட்டாள். கீழே தான் எழுதிய கடைசி வாக்கியத்தை ஒருமுறை படித்தாள். பிறகு எழுதினாள்:

"ஒருவர் பேச்சை நிறுத்தும் இடத்தில் நாமும் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ஆனால் மனிதர்களுக்கு மிகவும் தேவையானது பெரும்பாலும் அவர்கள் சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது. காது கொடுப்பது என்பது சொன்னதை வாங்கிக்கொள்வது மட்டும் அல்ல. சொல்ல முடியாமல் நிற்பவருக்கு இடம் விடுவதும்தான் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது."

ஏழு வரி ஆனது. எட்டாவது வரி மிச்சம். அதில் வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை. மேற்பார்வையாளர் தாளை வாங்க வந்தபோது மேலே நிரம்பியிருந்ததைப் பார்த்து, தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போனார்.

முடிவு வந்த காலையில் வீ டீச்சர்தான் முதலில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். இலக்கியத்தில் பத்துக்கு ஆறரை. பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் மற்றப் பாடங்களோடு சேர்த்தால் தேறியாகிவிட்டது. டீச்சர் அந்தப் பக்கம் அழுவது கேட்டது. லியூ பாலர் பள்ளியில், ஒரு பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை ஓடிவந்து கட்டிக்கொண்டு, பயிற்சிக்கு உங்கள் பெயரை இன்றே அனுப்புகிறேன், இனிமேல் சமையலறைப் பேச்சே கிடையாது என்றாள். பிள்ளையின் கை சட்டைக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் தவித்தது. அதை இழுத்துவிட்டுத்தான் லியூ உட்கார்ந்து அழுதாள்.

மாலையில் படகுத்துறைக்குப் போனபோது ஆறாம் அண்ணன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன மூணு புள்ளி, ஊரெல்லாம் என்னமோ சொல்றாங்க. வா, உக்காந்து மொதல்லருந்து சொல்லு."

"பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு லியூ படகில் ஏறிவிட்டாள். கடையில் இருந்தவர்கள் கதைக்காகக் காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

தோய் இப்போது எழுபதைத் தாண்டியவர். குட்டையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அவருக்குப் பகலெல்லாம் அதே வாசல், அதே வலைத்தூளி. லியூ அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, நான் பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டேன்."

தோய் காலை ஊன்றித் தூளியை நிறுத்தினார். எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனிதர்.

"மழைல நனைஞ்சியா?" என்றார்.

"இல்லப்பா."

"படகுல கூட்டமா?"

"அவ்வளவா இல்ல."

"சாங்குக்கு இந்த மாசம் வேலை இருக்கா?"

"இருக்குப்பா."

"நீ பாத்துக்கறியே, அந்தப் புள்ளைங்க... அதுங்கல்லாம் ஒழுங்கா சாப்பிடுதா?"

லியூவுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க அவள் நடந்த வழி அது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள்.

"அன்னிக்கு நீ வந்து நின்னியே" என்றார் தோய் கடைசியில். "மூணு நாள் வந்து நின்னே. நீ என்ன கேக்க வந்தேன்னு எனக்குத் தெரியும்மா. மொத நாளே தெரியும். நீ கேட்டுட்டா நான் இல்லன்னு சொல்லணும். என்னால சொல்ல முடியாது. அதான் கண்ண மூடிக்கிட்டேன். தூங்கல."

லியூவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாகத் தன் வாயையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படியென்றால் தம்பி கல்யாணத்தில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. இப்போது அவளுக்கு நேராகக் கேட்கத் தெரியும். ஆனால் அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டுவிடுவாளோ என்று பயந்து.

லியூ கையை நீட்டித் தூளியை லேசாக ஆட்டிவிட்டாள்.

"தண்ணி ஏறுதா வத்துதாப்பா?"

"ஏறுது" என்றார் தோய். கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, இந்த மாதம் தண்ணீர் எந்த நாளில் எவ்வளவு ஏறும், மதகை எப்போது திறக்க வேண்டும், தம்பி அதை எப்படியெல்லாம் தவறாகச் செய்கிறான் என்று சொல்ல ஆரம்பித்தார். லியூ கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.